மூலையில் கிடக்கும் மகிந்திரா பிக்கப்: எதைக் கழற்றலாம், எதை விடலாம்

என்னிடம் இருப்பது முன்னால் ஜீப் மூஞ்சி, பின்னால் தொட்டி வைத்த பழைய மகிந்திரா பிக்கப். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது உர மூட்டை, இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. புது வண்டி எடுக்கச் சொல்லி வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

இதில் இருக்கும் எம்.டி.ஐ. எஞ்சின் டிராக்டர் வம்சம். அதனால் பிஸ்டன், பேரிங், கேஸ்கட் எல்லாம் இன்றும் புதிதாகவே வாங்கலாம். சிக்கல் மற்ற சாமான்களில்தான். டோர் கீல், பானெட் கொக்கி, ஸ்டியரிங் பாக்ஸ், கியர்பாக்ஸ் உள்சாமான், கிரவுன் பினியன் (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல் சக்கர ஜோடி) என்று எதைக் கேட்டாலும் "அது இப்ப வர்றதில்லண்ணே" என்கிறார் கடைக்காரர். வந்தாலும் கைக்கு லேசாக இருக்கிறது. ஆகவே எங்காவது மூலையில் நின்றுபோன வண்டியைத் தேடிப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஏன் நின்றது?

வண்டியைக் கண்டதும் எல்லோரும் பானெட்டைத் தூக்குகிறார்கள். நான் தூக்குவதில்லை. வண்டி ஏன் நின்றது என்று உடையவரிடம் முதலில் கேட்கிறேன். அந்தப் பதிலிலேயே எந்தச் சாமான் தேறும் என்பது பாதி தெரிந்துவிடும்.

மோதி நின்ற வண்டி என்றால் ரேடியேட்டர், முன் ஆக்சில், ஸ்டியரிங் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் அன்று காலை வரை சுமை இழுத்தவை. எனக்குக் கிடைத்த நல்ல சாமான்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட வண்டியில் வந்தவைதான்.

எஞ்சின் பிடித்து நின்றது என்றால் நிலைமை தலைகீழ். டோர், பட்டை (ஸ்பிரிங் தகடு அடுக்கு), ஸ்டியரிங் எல்லாம் பார்க்கலாம். கியர்பாக்ஸில் மட்டும் எனக்குச் சந்தேகம் உண்டு. எஞ்சின் ஆயிலையே பார்க்காமல் ஓட்டியவர் கியர் ஆயிலை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

எஃப்.சி. (தகுதிச் சான்று), வரி, இன்சூரன்ஸ் விட்டுப்போய் நின்ற வண்டி முழுசாக இருக்கும், ரப்பர் மட்டும் மக்கியிருக்கும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நின்ற வண்டி எல்லாவற்றையும்விடத் தரமானது. வாங்குவது மட்டும் லேசில் நடக்காது. ஒருவர் விற்கச் சம்மதித்தால் இன்னொருவர் மறுநாள் வாசலில் வந்து நிற்பார். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தலையாட்டிய பிறகுதான் முன்பணம்.

"சும்மாதான் நிறுத்தினோம்" என்று சிலர் சொல்வார்கள். ஓடுகிற வண்டியை யாரும் சும்மா நிறுத்துவதில்லை. அங்கே கேள்வியை மாற்றிக் கேட்கிறேன்: "கடைசியா எங்க போய்ட்டு வந்துச்சு?" அப்போது கதை வெளியே வரும்.

சின்னமனூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அப்படித்தான் நடந்தது. மாட்டுக் கொட்டத்தில் வைக்கோலுக்கு நடுவில் ஒரு பிக்கப். வீட்டில் வயதான அம்மா மட்டும். "நல்லாத்தேன் ஓடுச்சு தம்பி, அவரு போனப்புறம் எடுக்கல" என்றார். கடைசியாக எங்கே போனது என்றேன். "வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்ட்டு வரையில வழியெல்லாம் தண்ணி ஊத்தி ஊத்தித்தேன் வந்தாக" என்றார். போதும். வழியெல்லாம் தண்ணீர் கேட்ட எஞ்சினில் ஹெட்டோ கேஸ்கட்டோ போயிருக்கும். எஞ்சினைக் கணக்கில் சேர்க்காமல் மற்றதற்கு மட்டும் விலை பேசினேன். பிறகு கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டரில் இரண்டு வால்வுக்கு நடுவே ஹெட் கீறியிருந்தது.

எங்கே தேடுவது

காயலான் கடைக்கு வந்த வண்டியை அவர்கள் ஏற்கெனவே தட்டிப் பார்த்து விலை வைத்திருப்பார்கள். அதற்கு முந்தின கட்டத்தில் பிடிக்க வேண்டும். செங்கல் சூளை, மூடிய அரிசி ஆலை, போர்வெல்காரர்களின் கொட்டகை, டிங்கரிங் பட்டறையின் பின்புறம். இங்கெல்லாம் பழைய பிக்கப் கிடக்கும். உரக்கடைக்காரர், பஞ்சர் ஒட்டுபவர், பால் வண்டி ஓட்டுபவர், இவர்கள் மூன்று பேரிடம் சொல்லி வைத்தால் போதும். எந்தத் தோப்பில் எது கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. மலைக்கு மேலே, இடுக்கிப் பக்கம் எஸ்டேட்டில் நின்ற கே.எல். 06 வண்டிகளில் தகரமும் சேஸிஸும் மழையில் அரித்திருக்கும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் பரவாயில்லை. கீழே தேனிச் சமவெளியில் வெயிலில் நின்ற டி.என். 60 வண்டியில் தகரம் கெட்டியாக இருக்கும், ரப்பர் தொட்டாலே உதிரும். டோரும் பானெட்டும் வேண்டுமென்றால் நான் மலை ஏறுவதே இல்லை.

என்ன எஞ்சின் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய மகிந்திராக்களில் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேறு வேறு எஞ்சின். ஹெட்டில் ஹீட்டர் பிளக் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் பிரான்ஸ் கம்பெனியான பியூஜோ வழி வந்தது. எக்ஸ்.டி.பி. 4.90 என்றால் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 4 சிலிண்டர், 90 மி.மீ. போர் (சிலிண்டரின் குறுக்களவு), 2112 சி.சி. அதற்கு அடுத்து வந்த எக்ஸ்.டி.3.பி. 94 மி.மீ. போர், 2498 சி.சி. ஹீட்டர் பிளக் இல்லாமல் நேரடியாக டீசல் பீச்சும் வகை எம்.டி.ஐ., 2523 சி.சி. இதன் போர் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 101.6 மி.மீ. விசித்திரமான அளவாகத் தெரிகிறதா? அங்குலத்தில் மாற்றிப் பாருங்கள், மூன்றரை அங்குலம், நான்கு அங்குலம். பழைய காலத்து அங்குலக் கணக்கில் பிறந்த எஞ்சின்.

இது ஸ்பேனருக்கும் பொருந்தும். ஆக்சில், சேஸிஸ் பக்கம் அங்குல நட்டு அதிகம். 1/2 அங்குல நட்டுக்கு 13 ஸ்பேனர் போட்டால் உட்காரும், ஆனால் ஆடும். துருப்பிடித்த நட்டில் அந்த ஆட்டமே முனையை மழித்துவிடும். 9/16-க்கு 14 நுழையாது, 15 வழுக்கும். 3/4-க்கு 19 சரியாக இருக்கும், அதைப் பார்த்து மற்றதும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பியூஜோ எஞ்சின் பக்கம் போனால் எல்லாம் மி.மீ. இரண்டு செட்டும் பையில் இருக்க வேண்டும்.

காகிதம்

ஆர்.சி. இல்லாத வண்டியின் பக்கம் நான் போவதில்லை. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்துப் படித்து ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பேன். வாங்கும் சாமானுக்கு உடையவர் கையெழுத்துடன், வண்டி எண், சேஸிஸ் எண் போட்ட ரசீது. திருட்டு வண்டிச் சாமான் என்று நாளை யாராவது கேட்டால் அந்தத் தாள்தான் பேசும்.

வண்டி இனி ஓடாது என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி உடையவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். உடைத்து அழிப்பதற்குப் பதிவுபெற்ற மையங்களும் 2021 விதிகளின்படி வந்துவிட்டன. இதை உடையவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வரி பாக்கி நோட்டீஸ் வரும் அன்று உங்களைத்தான் திட்டுவார். எஞ்சினை முழுசாக மாற்றினால் உங்கள் ஆர்.சி.யிலும் எண் மாற வேண்டும், அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதனால் பிளாக்கை விட்டுவிட்டு ஹெட், கிராங்க், பம்ப் என்று உள்சாமானாக எடுப்பதே எனக்கு லேசாக இருக்கிறது.

தட்டிப் பார்ப்பது

முதலில் நீளமான குச்சி ஒன்று. சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் தட்டிவிட்டுத்தான் கையை விட வேண்டும். கொட்டத்தில் நின்ற வண்டியில் எலி இருக்கும், எலி இருந்தால் அதைத் தேடி வந்ததும் இருக்கும்.

எஞ்சின்: அடியில் ஆயில் வடிக்கும் சம்ப் பிளக்கை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மரை மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், கீழே தங்கும். முதலில் தண்ணீர் சொட்டினால் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கிராங்க் கப்பியில் ஸ்பேனர் போட்டுச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் டீசல் பீச்சும் நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசல் விட்டு ஒரு வாரம் ஊற விடலாம். அவசரப்பட்டு நெம்பினால் ரிங் ஒடியும். கிராங்க் எடுத்தால் ஏற்கெனவே எத்தனை தடவை கடைந்திருக்கிறார்கள் என்று லேத்தில் அளந்துவிடுங்கள். ஸ்டாண்டர்டு (கடையாதது), பத்து, இருபது (அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு கடைந்தது என்ற கணக்கு) வரை வாங்கலாம். முப்பதில் இருந்தால் உங்கள் கைக்கு வந்த பிறகு கடைய அதில் சதை இல்லை.

ஹெட்டுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. நன்றாகத் துடைத்துவிட்டு வால்வு சீட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். மறுபடி ஈரமில்லாமல் துடைத்து, பள்ளிக்கூடச் சாக்பீஸை நசுக்கி அந்தத் தூளை மெல்லியதாகப் பூசுங்கள். கீறல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் முடி கனத்துக்கு ஒரு கருப்புக் கோடு விழும். ஒரு வியாபாரியிடம் இதைச் செய்யாமல் வாங்கி ஏமாந்தேன். கீறலில் பசை அடைத்து, மேலே சில்வர் பெயிண்ட் அடித்துப் புதிது மாதிரி வைத்திருந்தார். பெயிண்ட் அடித்த ஹெட்டைக் கண்டால் இப்போது நான் தொடுவதில்லை.

கியர்பாக்ஸ்: ஆயிலை இரண்டு விரலால் தேயுங்கள். ஆயில் பொன் மினுக்கமாகத் தெரிந்தால் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங்கின் பித்தளை தேய்ந்திருக்கிறது. அது மாற்றக்கூடியது, விலையில் குறைத்துக்கொள்ளலாம். பிளக்கில் இரும்புச் சில்லு, அதுவும் ஒரு பக்கம் மழமழவென்று இருந்தால் பல் ஒடிந்திருக்கிறது. மூடியை மூடிவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பிரேக் டிரம்மைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் மணி போல இழுத்து ஒலிக்க வேண்டும். சட்டி தட்டியது போல 'டொக்' என்றால் எங்கோ வெடிப்பு. ஓரத்தில் விரல் வைத்துப் பாருங்கள், வரம்பு பெரிதாகத் தட்டுப்பட்டால் உள்ளே தேய்ந்துவிட்டது.

பின் ஆக்சில் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் இது. ஜீப் வரிசை வண்டிகளில் கிரவுன் பினியன் பல் கணக்கு பல விதம். 43/8 (கிரவுனில் 43 பல், பினியனில் 8) உண்டு, 39/8 உண்டு, வேறும் உண்டு. வெளியே பார்த்தால் கூண்டு ஒன்றுதான். ஒரு முறை என் கிரவுன் பல் போய், உத்தமபாளையத்தில் நின்ற வண்டியில் இருந்து ஒரு செட் கொண்டுவந்து மாட்டினேன். சமவெளியில் வண்டி பறந்தது. அடடா என்று பூரித்துப்போனேன். மறுநாள் உர மூட்டையோடு மலை ஏறினால், வழக்கமாக இரண்டாவது கியரில் ஏறும் வளைவில் எல்லாம் முதல் கியர் கேட்கிறது. ஆறாவது வளைவில் தண்ணீர் கொதித்துவிட்டது. வந்து எண்ணிப் பார்த்தால் 39/8. என் வண்டிக்கு 43/8. பத்தில் ஒரு பங்கு இழுவை போய்விட்டது.

இப்போது கழற்றுவதற்கு முன்பே எண்ணிவிடுகிறேன். நியூட்ரலில் வைத்து, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள், மற்றது தரையில் இருக்கட்டும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் ஜாயிண்ட் ராடில் சாக்பீஸ் கோடு ஒன்று, டயரில் ஒன்று. ஒருவர் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்ற, இன்னொருவர் ராடு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். ஐந்தேகாலையும் தாண்டினால் 43/8. ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 39/8. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் எனக்கு நான்கு நாள் வண்டி நின்றது.

கிரவுனும் பினியனும் ஒரே எண் பொறித்த ஜோடியாக இருக்க வேண்டும். கழற்றும் முன் பேரிங் மூடிகளில் இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு புள்ளி குத்தி வையுங்கள். இடைவெளியைச் சரிக்கட்டும் ஷிம் தகடுகளை எந்தப் பக்கம் வந்தனவோ அந்தப் பக்கத்துக் கம்பியில் கோர்த்துவிடுங்கள். தகடு மாறினால் ஓடும்போது ஊளையிடும்.

கழற்றுவது

போகிற அன்றே கழற்றலாம் என்று போகாதீர்கள். முதல் நாள் எல்லா நட்டிலும் கம்பி பிரஷ் போட்டு, துரு இளக்கும் ஆயில் அடித்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் பாதி வேலை அதுவே முடித்திருக்கும். அப்படியும் வராத நட்டைச் சூடு பண்ணலாம். டீசல் டேங்க் பக்கத்தில் மட்டும் நெருப்பு வேண்டாம்.

ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் கல் எல்லாம் பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும். கனமான மரக்கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். பட்டை செட்டைக் கழற்றும்போது சேஸிஸைத் தூக்கிப் பட்டையில் பாரமே இல்லாமல் செய்துவிட்டுத்தான் அதை ஆக்சிலோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டில் கை வைக்க வேண்டும்.

ஒயரிங்கை ஒட்ட வெட்டாதீர்கள். ஒரு முழம் வாலோடு வெட்டினால்தான் எந்த நிறம் எங்கே போகிறது என்று பின்னால் தெரியும். கழற்றிய போல்ட்டை அதே ஓட்டையில் கையால் திருப்பி வைத்துவிடுவது என் வழக்கம், டப்பா தொலையும் தொல்லை இல்லை. டோர் எடுத்தால் கீலோடு, கீல் போல்ட்டோடு எடுங்கள். டோரைவிட அந்தப் போல்ட்டுக்குத்தான் பிறகு அலைவீர்கள்.

ஓசியில் கொடுத்தாலும் விட வேண்டியவை உண்டு. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர், லைனிங், ஸ்டியரிங் பால் ஜாயிண்ட், சீட் பெல்ட். இவை தோற்றால் வளைவில் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். பட்டன் (தரையில் படும் பூ) எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்து டயர் மாட்டு வண்டிக்குத்தான். முன் கண்ணாடியும் வேண்டாம், அது நேர்க் கண்ணாடி, அளவு கொடுத்தால் வண்டிக் கண்ணாடிக் கடையிலேயே புதிதாக லேமினேட்டட் கண்ணாடி வெட்டித் தருவார்கள்.

எல்லாம் தேடியும் கிடைக்காத சாமானுக்கு மட்டும் சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் சந்தை. பழுதான பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்து வாங்குங்கள். போனில் பேசி, லாரி பார்சலில் வரவழைத்து எனக்குச் சரியாக வந்தது ஒரே ஒரு தடவைதான். விலையில் அங்கே எனக்குச் சாமர்த்தியம் பத்தாது. ஊரில் உடையவர் எடைக் கணக்கில் பேசுவார், நானும் எடைக் கணக்கிலேயே ஆரம்பித்து மேலே போவேன். புதுப்பேட்டையில் அது நடக்காது.

சின்னமனூர் அம்மாவிடம் இருந்து பின் ஆக்சில், இரண்டு டோர், பானெட், ஸ்டியரிங் பாக்ஸ் வந்தன. ஸ்டியரிங் வீலைக் கழற்றும்போது மட்டும், "அத விட்ருப்பா" என்றார். விட்டுவிட்டேன். எனக்குத் தேவையும் இல்லை.

இப்போது தேவாரம் பக்கம் ஒரு புளியமரத்தடியில் ஒன்று நிற்கிறது. தொட்டி முழுக்கப் புளியந்தோடு, நான்கு டயரும் தரையோடு தரையாக. டோர் இரண்டும் நேராக மூடுகின்றன. பானெட்டைத் தூக்கவில்லை. உடையவர் திருப்பூரில் இருக்கிறாராம், பொங்கலுக்குத்தான் வருவார்.